நான்கு வாரக் கணக்கு

மனநல மருத்துவரின் அறைக்குள் ஒரு தம்பதி வருகிறார்கள். கணவர் தலையைக் குனிந்தபடி உட்காருகிறார். "மனசு சரியில்ல டாக்டர், அதான் குடிக்கிறேன்" என்கிறார். மனைவி விடுவதில்லை. "குடிக்கிறதாலதான் டாக்டர் இவருக்கு மனசு சரியில்லாமப் போவுது. குடிக்காம இருந்தா தங்கமான மனுஷன்." தமிழ்நாட்டில் எந்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் நின்றாலும் ஒரு காலைப் பொழுதுக்குள் இந்த வாதத்தைக் கேட்டுவிடலாம். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் உள்ளிருந்து பார்க்கிறார், மற்றவர் வெளியிலிருந்து பார்க்கிறார். யார் சொல்வது சரி என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறிவிடும் என்பதால், மருத்துவ உலகம் இந்த வழக்கைப் பல பத்தாண்டுகளாக விசாரித்து வருகிறது.

விசாரணையில் மறக்கமுடியாத ஒரு சாட்சி 1988-இல் வந்தது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரைச் சேர்ந்த சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷக்கிட் என்ற இரு ஆய்வாளர்கள், குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்த 191 ஆண்களை வாரம்தோறும் அளந்து பார்த்தார்கள். அளவுகோல், மேக்ஸ் ஹாமில்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1960-இல் வெளியிட்ட மனச்சோர்வு மதிப்பீட்டு முறை. உறக்கம், பசி, குற்ற உணர்வு, வேலையில் நாட்டம், சாக வேண்டும் என்ற எண்ணம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தரும் முறை அது. சேர்ந்த புதிதில் 42 விழுக்காட்டினர் மனச்சோர்வு நோயாளிகள் என்று சொல்லத்தக்க மதிப்பெண் பெற்றிருந்தார்கள். குடியில்லாமல் நான்கு வாரம் போனது. அப்போது அந்த நிலையில் இருந்தவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே.

மருத்துவமனையில் வேளைக்குச் சோறு கிடைக்கும், கடன்காரர் வந்து கதவைத் தட்டமாட்டார், யாரோ ஒருவர் அக்கறையாக விசாரிப்பார். அவற்றின் பங்கும் இந்த மாற்றத்தில் உண்டு. ஆனாலும் 42 எங்கே, 6 எங்கே? மனிதரின் இயல்பாகவே ஆகிவிட்டது போலத் தெரிந்த துயரம் இவ்வளவு விரைவாகக் கரையுமென்றால், அதில் பெரும்பகுதி மதுவே உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும். வழக்கின் முதல் சுற்று மனைவி பக்கம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஒரு குவார்ட்டரின் கணக்கைப் போட்டால் போதும். 180 மில்லி. இந்தியாவில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் புட்டிகளில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் 77 மில்லி தூய ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். சராசரி ஆளின் ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். தண்ணீர் குடித்தாலும் மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஆக, இரவு ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தவரின் ரத்தத்திலிருந்து ஆல்கஹால் முழுவதும் வெளியேறும் நேரம் ஏறத்தாழ விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து. தினமும் குடிக்கிறவர்களைக் கேளுங்கள். அந்த நேரத்தில்தான் பொசுக்கென்று விழிப்பு வரும் என்பார்கள். நெஞ்சு படபடக்கும், உடம்பு வேர்க்கும். யார் யாருக்கு என்ன துரோகம் செய்தோம் என்ற கணக்கு தானாக ஓடும். பக்கத்தில் பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்தால் அழுகை வரும்.

அந்த விழிப்புக்கு ஒரு வேதியியல் இருக்கிறது. மூளையில் நரம்பணுக்களை அடக்கி வைக்கும் வேதித்தூதர்களில் முதன்மையானது காபா. கிளப்பிவிடும் தூதர்களில் முதன்மையானது குளுட்டமேட். ஆல்கஹால் காபாவின் கையை ஓங்கச் செய்கிறது. அதோடு, குளுட்டமேட் வந்து பற்றும் ஏற்பிகளில் ஒரு முக்கிய வகையான என்எம்டிஏ ஏற்பியின் வேலையையும் குறைக்கிறது. டேவிட் லோவிங்கரும் அவருடைய இரு சகாக்களும் 1989-இல் இதைக் காட்டினார்கள். அடக்கும் பக்கம் வலுக்கிறது, கிளப்பும் பக்கம் தளர்கிறது. முதல் இரண்டு மடக்கில் தோள் இறங்கி, வாய் கூச்சம் விட்டு, கவலை பின்வாங்குவது இதனால்தான். கூடவே டோபமினும் எண்டார்ஃபின்களும் சுரந்து ஒரு சிறு மகிழ்ச்சி கூடுகிறது.

மூளை இந்த நிலையைச் சும்மா விட்டுவைப்பதில்லை. பொங்கல் விளையாட்டுகளில் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். எதிரணியில் ஆள் கூடக்கூட இந்தப் பக்கத்து ஆட்கள் குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். இரவுக்கு இரவு மது ஒரு பக்கம் இழுக்க, மூளை காபா ஏற்பிகளின் கூருணர்வைக் குறைத்தும் குளுட்டமேட் ஏற்பிகளைப் பெருக்கியும் மறுபக்கம் சாய்ந்து நிற்கிறது. அதனால்தான் பழகியவருக்குக் கட்டிங் போதாமல் குவார்ட்டர் தேவைப்படுகிறது. விடியற்காலையில் ஆல்கஹால் தீர்ந்து எதிரணி திடீரென்று கயிற்றை விட்டுவிட, மூளை மல்லாக்க விழுகிறது. படபடப்பு, நடுக்கம், காரணமில்லாத பயம், இருண்ட எண்ணம் எல்லாம் அந்த விழுகை. காலையில் ஒரு மடக்கு போட்டால் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான், கயிற்றின் மறுமுனையை ஒருவர் திரும்பப் பிடிப்பதால். காலைக் குடி தொடங்கிவிட்டது என்றால் நோய் முற்றுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதற்குக் காரணம் இதுவே.

கொடுக்கப்படும் ஒவ்வொரு இன்பத்துக்கும் மூளை ஓர் எதிர்விசையை எழுப்புகிறது, பழகப்பழக இன்பம் சுருங்கி எதிர்விசை மட்டும் நீளும் என்ற கருத்தை ரிச்சர்ட் சாலமன், ஜான் கார்பிட் என்ற உளவியலாளர்கள் 1974-லேயே முன்வைத்தார்கள். அப்போது அது நடத்தையைக் கவனித்து வரைந்த ஒரு கோட்டுப்படம் மட்டுமே. அதற்கு மூளைக்குள் ஒரு முகவரி தேடிக் கொடுத்தவர்களில் ஜார்ஜ் கூப் முக்கியமானவர். 1981-இல் சால்க் நிறுவனத்தில் வைலி வேல் குழுவினர், மன அழுத்தத்தின்போது உடலின் எச்சரிக்கைச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் ஒரு மூலக்கூறை ஆட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். சி.ஆர்.எஃப். என்பது அதன் சுருக்கப்பெயர். தொடர்ந்து ஆல்கஹால் கொடுத்துப் பின் நிறுத்தப்பட்ட எலிகளின் அமிக்டலா பகுதியில் இந்த மூலக்கூறு பெருகுவதைக் கூப் முதலியோர் கண்டார்கள். அமிக்டலா, அச்சத்தையும் ஆபத்தையும் கணக்கிடும் இடம். கூடவே டைனார்ஃபின் என்ற இன்னொரு பொருளும் கூடுகிறது. எண்டார்ஃபினின் குடும்பத்தில் பிறந்தது என்றாலும் அதன் வேலை தலைகீழ். டோபமின் சுரப்பை மட்டுப்படுத்தி, எதிலும் ருசியில்லாத ஒரு வெறுமையைத் தருகிறது. குடிநோயாளிகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த நோரா வோல்கோவ் குழுவினர், டோபமினைப் பற்றிக்கொள்ளும் டி2 ஏற்பிகளும் அவர்களிடம் குறைந்திருப்பதைக் காட்டினார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நீண்ட நாள் குடித்தவர் எதற்காகக் குடிக்கிறார் என்பதே மாறிவிடுவது புரியும். தொடக்கத்தில் அவர் சந்தோஷத்துக்காகக் குடித்திருக்கலாம். பத்து வருடம் கழித்து, சாதாரணமாக இருப்பதற்காகவே குடிக்கிறார். பேரன் சிரித்தாலும், பிடித்த பாட்டு ஓடினாலும், மீன் குழம்பு கொதித்தாலும் உள்ளே எதுவும் அசைவதில்லை. மனச்சோர்வு நோயின் இலக்கணமே இதுதான். "திமிர் எடுத்துக் குடிக்கிறான்" என்று ஊர் பேசும்போது, அந்த ஆளுக்குள் இன்பத்தை உணரும் உறுப்பே மழுங்கிக் கிடக்கிறது. இதை ஊருக்கு எப்படிப் புரியவைப்பது என்பது எனக்கு ஓயாத கவலை.

சி.ஆர்.எஃப். மூலக்கூறைத் தடுத்தால் எலிகளிடம் பதற்றமும் குடியும் குறைந்தன. அதே வழியில் மனிதர்களுக்குச் செய்து பார்த்த மருந்துகள் கைகொடுக்கவில்லை. மனிதரின் துயரத்தில் ஒரு மூலக்கூறுக்கு மேல் எத்தனையோ கலந்திருக்கின்றன. உறக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மது படுத்தவுடன் தூங்கவைக்கும், இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கத்தையும் கூட்டும். ஆனால் கனவுகள் வரும் உறக்கக் கட்டத்தை நசுக்கிவிடும், பின்னிரவைத் துண்டு துண்டாக்கும். கனவுக் கட்டம் மனக்காயங்களை ஆற்றுவதில் பங்கு வகிப்பது என்று உறக்க ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குடியை விட்ட பிறகும் பல மாதங்களுக்கு உறக்கம் ஒழுங்குக்கு வராமல் இருப்பவர்கள் ஏராளம், திரும்பக் குடிக்கப் போவதற்கு அதுவே பெரிய காரணங்களில் ஒன்று. அதன்மேல் சோறு இறங்காததால் பி1 வைட்டமினும் ஃபோலேட்டும் குறையும். வேலை போகும், வட்டி ஏறும், மச்சான் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வராது. எல்லாம் ஒரே மூளையின் மேல் வந்து இறங்குகின்றன.

இனி கணவரின் பக்கத்தைக் கேட்க வேண்டும்.

எட்வர்ட் கான்ட்சியான் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரை, போதைப் பொருளை நாடுபவர்கள் தங்கள் தாங்கமுடியாத உணர்வுகளுக்குத் தாமே மருந்து போட்டுக்கொள்கிறார்கள் என்றது. அவர் பேசியது ஹெராயினையும் கோகெயினையும் பற்றி, ஆனால் மதுவுக்கும் அந்தக் கருத்து உடனே பரவியது. அதில் உண்மை உண்டு, குறிப்பாகப் பெண்களிடம். ஜான் ஹெல்சர், தாமஸ் பிரிஸ்பெக் இருவரும் 1988-இல் அமெரிக்க மக்கள்தொகை ஆய்வொன்றின் தரவுகளை அலசினார்கள். குடிநோயும் மனச்சோர்வும் இரண்டும் இருந்த ஆண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அருகில் குடியே முந்தியது. பெண்களில் மூன்றில் இரண்டு பேருக்கு மனச்சோர்வு முந்தியது. சிறுவயதில் அடிபட்டவர்கள், போரைப் பார்த்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஆகியோரின் குடியைத் துயரத்திலிருந்து பிரித்துப் பேசுவது அநியாயம்.

இதற்கு நியூசிலாந்திலிருந்து ஒரு மறுவாதம். 1977-ஆம் ஆண்டின் நடுவில் கிறைஸ்ட்சர்ச் நகரப் பகுதியில் பிறந்த 1,265 குழந்தைகளை டேவிட் ஃபெர்குசனும் அவர் குழுவினரும் பிறந்தது முதல் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் 25 வயதை எட்டும்வரை திரட்டிய தகவல்களை வைத்து, குடி மனச்சோர்வை உண்டாக்குகிறதா, மனச்சோர்வு குடியை உண்டாக்குகிறதா, இரண்டும் ஒன்றையொன்று உண்டாக்குகின்றனவா என்று கணித மாதிரிகளால் சோதித்தார்கள். 2009-இல் வெளிவந்த முடிவு: குடிநோயிலிருந்து மனச்சோர்வுக்குப் போகும் அம்புக்குறியே தரவுகளோடு நன்றாகப் பொருந்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து பலநாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜோசப் போடனும் ஃபெர்குசனும், இரண்டில் எது ஒருவருக்கு இருந்தாலும் மற்றது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று எழுதினார்கள்.

பிறகு மரபணு ஆய்வாளர்கள் வந்தார்கள். பிறப்பிலேயே மனச்சோர்வுக்கான மரபணுச் சாய்வு கூடுதலாக உள்ளவர்களுக்குக் குடிநோயும் கூடுகிறதா என்று லட்சக்கணக்கானோரின் தரவுகளில் தேடினார்கள். 2019-இல் ரெனாட்டோ பொலிமான்டி முதலியோர் கண்டது கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேர் எதிர்: மனச்சோர்விலிருந்து குடிநோய்க்குப் போகும் அம்பு.

இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கிறைஸ்ட்சர்ச் கேட்டது, இளமையில் குடித்தவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் என்ன ஆகிறது என்று. மரபணு ஆய்வு கேட்டது, வாழ்நாள் முழுக்க ஒருவரைத் தள்ளும் சாய்வு எந்தத் திசையில் என்று. இரண்டு பாதைகளும் இருக்கின்றன. ஒருவர் எந்தப் பாதையில் வந்தார் என்பதை ஆயிரம் பேரின் சராசரி சொல்லாது, அவருடைய வாழ்க்கைதான் சொல்லும். போதாக்குறைக்கு, சில வருடங்கள் ஓடியபின் இரு பாதைகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. துயரத்தில் குடிக்கத் தொடங்கியவரின் அமிக்டலாவிலும் அதே மாற்றங்கள்தான் நடக்கின்றன. குடியால் துயரம் வந்தவரும் அந்தத் துயரத்துக்காகத்தான் மறுபடி புட்டியைத் திறக்கிறார்.

சான் டியேகோ கணக்குக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. டெபோரா ஹாசினும் பிரிட்ஜெட் கிராண்டும் 2002-இல் குடியை விட்டுவிட்ட 6,050 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் முன்பு குடிநோய் இருந்தவர்களுக்கு, இப்போது மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். நாலு வாரத்தில் எல்லாம் பறந்துபோகும் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. பலருக்கு மேகம் விலகும். சிலருக்கு விலகாது, அவர்களுக்குத் தனியாக மனச்சோர்வுச் சிகிச்சை தேவை. மனநல மருத்துவத்தின் வகைப்பாட்டு நூல்களும் இந்த ஒரு மாத அளவைத்தான் பயன்படுத்துகின்றன. குடி நின்று ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகும் சோர்வு நீடித்தால் அதைத் தனி நோயாகக் கருதலாம் என்பது வழக்கம்.

நம் ஊரில் இந்த ஒரு மாதச் சோதனையை ஆய்வுக்கூடம் இல்லாமலே செய்து பார்த்தவர்கள் ஏராளம். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில் தினமும் குடிப்பவர்களும் உண்டு. மாலை கழுத்தில் ஏறிய நாளிலிருந்து ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பார்கள். 41 நாள் என்றாலும் 48 நாள் என்றாலும் அது நான்கு வாரத்தைத் தாண்டிய காலம். தவக்காலத்தில் நிறுத்துகிறவர்களும் நோன்பு மாதத்தில் நிறுத்துகிறவர்களும் உண்டு. ஆகவே மருத்துவர் கேட்கவேண்டிய அருமையான கேள்வி ஒன்று இருக்கிறது: மாலை போட்டிருந்தபோது மனசு எப்படி இருந்தது? மூன்றாவது வாரத்தில் சாப்பாடு ருசித்ததா, தூக்கம் வந்ததா, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசத் தோன்றியதா? "அப்ப நல்லாத்தான் இருந்தேன்" என்று வரும் பதிலும் "அப்பவும் இதே பாரம்தான் சார், சாமி பேரச் சொல்லிக்கிட்டு அடக்கிட்டு இருந்தேன்" என்று வரும் பதிலும் இருவேறு சிகிச்சைகளைக் கேட்பவை. விரதத்தின்போது உடனிருந்த மனைவியிடமும் இதே கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காலையிலேயே கை நடுங்கும் அளவுக்குக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கயிறு விடுபட்ட மூளை, நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்களுக்குள் வலிப்பைக் கொண்டுவரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாக உச்சத்துக்குப் போகும் டெலீரியம் வரலாம். உரிய மருந்தும் பி1 ஊசியும் கொடுத்துச் சில நாட்கள் கண்காணித்தால் இதைக் கடந்துவிடலாம். விரத வைராக்கியத்தை நான் மதிக்கிறேன், ஆனால் நடுக்கம் உள்ளவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்த" என்ற விளம்பரத்தைச் சுவரிலும் பேருந்திலும் பார்த்து, மனம் ஒடிந்த பெண்கள் ஏதோ ஒரு பொடியைக் குழம்பில் கலக்கிறார்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்மையில் இருக்கிறது. டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கோப்சன் இருவரும் 1948-இல் அதன் குணத்தை அறிவித்தார்கள். ஆல்கஹால் உடலில் சிதையும்போது இடையில் உருவாகும் அசிட்டால்டிஹைடை மேலே சிதையவிடாமல் தடுக்கும், குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சடைத்து, வாந்தி வரும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுப்பவருக்கு அது ஒரு துணை. தெரியாமல் தின்றுவிட்டு மேலே குவார்ட்டர் குடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அடியில் மனச்சோர்வு இருந்தால் அதைப் பொடி எதுவும் தொடப்போவதில்லை.

குடியும் சோர்வும் ஒரே ஆளிடம் சேரும்போது நாம் அஞ்சவேண்டியது தற்கொலையை. நம்பிக்கையின்மையைச் சோர்வு தருகிறது, யோசித்துப் பின்வாங்கும் அந்தச் சில நிமிடங்களை மது பறித்துவிடுகிறது. இதை நாடு தழுவிய அளவில் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 1985 மே மாதம் மிகயில் கோர்பச்சோவ் சோவியத் ஒன்றியம் முழுவதும் மதுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். கடைகளும் விற்பனை நேரமும் குறைந்தன, விலை ஏறியது, திராட்சைத் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. தானுதா வாசர்மன், ஐரி வார்னிக் ஆகியோர் பின்னாளில் கணக்கெடுத்தபோது, 1984-க்கும் 1986-க்கும் இடையில் அங்கே ஆண்களின் தற்கொலை விகிதம் 40 விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தது. அரசியல் மாற்றம் தந்த நம்பிக்கையும் அந்த ஆண்டுகளில் இருந்தது என்பதால் முழுப் புகழையும் மதுக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்க முடியாது. இயக்கம் தளர்ந்தபின் எண்ணிக்கை மறுபடி ஏறியதைப் பார்த்தால் பெரும்பங்கு அதற்கே என்று தோன்றுகிறது. வீட்டுச் சாராயம் பெருகியதும் அதே இயக்கத்தின் விளைவுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரை விஷச் சாராயத்துக்குப் பறிகொடுத்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இந்தியாவின் கணக்கு என்ன? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் வந்த பிரச்சினைக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மனச்சோர்வின் நிலையும் மேலானதல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள்.

இரண்டும் சேர்ந்து இருப்பவர் இன்னும் மோசமாக இடையில் விழுகிறார். மனநல மருத்துவரிடம் போனால் "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்று அனுப்பப்படுகிறார். மறுவாழ்வு மையத்துக்குப் போனால் "குடியை நிறுத்துங்க, மனசு தானா சரியாகும்" என்கிறார்கள். எது முதலில் என்ற கேள்வி ஆராய்ச்சிக்கு நல்ல கேள்வி. அதை வைத்து ஒரு நோயாளியை வாசலில் நிறுத்தி வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஹெலன் பெட்டினாட்டி தலைமையில் பென்சில்வேனியாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. குடிநோயும் மனச்சோர்வும் உள்ள 170 பேருக்கு 14 வாரம் சிகிச்சை நடந்தது. சோர்வுக்கான செர்ட்ராலின் மட்டும் பெற்றவர்கள் ஓர் அணி, குடிவேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மட்டும் பெற்றவர்கள் ஓர் அணி, வெற்று மாத்திரை பெற்றவர்கள் ஓர் அணி. இந்த மூன்றிலும் குடியிலிருந்து முழுக்க விலகியிருந்தவர்கள் 21 முதல் 28 விழுக்காடு வரைதான். இரண்டு மருந்தையும் சேர்த்துப் பெற்ற நான்காவது அணியில் 54 விழுக்காடு. ஒன்றை மட்டும் கொடுத்தது ஏறக்குறைய எதுவும் கொடுக்காததற்குச் சமமாகவே இருந்திருக்கிறது.

மருந்துக்கு மருத்துவர் வேண்டும், மருத்துவர்கள் நம்மிடம் குறைவு. இந்தத் தடையைக் கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம் வேறு வழியில் அணுகியது. விக்ரம் பட்டேல், அபிஜித் நட்கர்ணி முதலியோர், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக உட்காரவைத்தார்கள். குடிப்பவர்களுக்கு ஒரு திட்டம், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒரு திட்டம். முடிவுகள் 2017-இல் லான்செட் இதழில் வந்தன. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, கடந்த இரு வாரமாகக் குடிக்கவேயில்லை என்றவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 42 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 விழுக்காடு. மனச்சோர்வு தணிந்தவர்கள் 64 விழுக்காடு, மற்ற அணியில் 39. அந்த ஆலோசகர்கள் சோர்வுள்ளவருக்குச் செய்தது மிக எளிமையானது. நின்றுபோன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கவைத்தார்கள். மனம் சரியானபின் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், வேலையை முன்னால் வைத்து மனதைப் பின்னால் வரவைக்கும் முறை அது.

சென்னை அடையாறில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இன்னொரு முன்னோடி. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த மறு ஆண்டே அதைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்த மையம் அது. குடிப்பவரின் மனைவிக்கு வரும் மனச்சோர்வைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். அடி, கடன், அவமானம், எந்த நேரம் எப்படி வருவாரோ என்ற ஓயாத காத்திருப்பு எல்லாம் சேர்ந்து அவருடைய அமிக்டலாவையும் வருடக்கணக்கில் அலாரத்திலேயே வைத்திருக்கின்றன. ஒரு சொட்டு குடிக்காமலே மதுவின் மனச்சோர்வை வாங்கிக்கொண்டவர் அவர். கணவரை அழைத்து வரும் நாளில் அவரையும் ஐந்து நிமிடம் உட்காரவைத்துக் கேட்காவிட்டால் பாதி நோய் வாசலோடு திரும்பிப் போகிறது.

முதல் நான்கு வாரங்களை என்ன செய்வது என்பது மிச்சம். காத்திருப்பது என்றால் கைகட்டியிருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உறக்கம், பசி, சாவு பற்றிய எண்ணம் மூன்றையும் வாரம்தோறும் கேட்டுக் குறிக்க வேண்டும். சாவு எண்ணம் இருந்தால், குடிக்காமல் இருந்த காலத்திலும் முன்பு சோர்வு வந்திருந்தால், குடி தொடங்குவதற்கு முன்பே வந்திருந்தால், காலண்டரைப் பார்க்காமல் சோர்வுக்கும் அன்றே சிகிச்சை தொடங்குவது நல்லது. வீட்டில் இருப்பவர்கள் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைக்கலாம், அவரை இரவில் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளலாம். சாக வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் மிரட்டல் என்று ஒதுக்காமல், அப்போது அவர் குடித்திருந்தாலும்கூட, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும். 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் இருக்கிறது. 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். குடிப்பவரும் பேசலாம், அவர் வீட்டில் இருப்பவர்களும் பேசலாம்.